தானே இறங்கும் சீட்

கப்பலில் வருகிற பழைய வண்டி விற்கிறவர்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் மோப்பம். முகத்துக்கு நேரே "வாங்க சார், உக்காருங்க சார்" என்பார்கள். முதுகைத் திருப்பினால் "மோப்பம் வந்துட்டான், சென்ட்டு பாட்டிலை எடுத்து ஒளிச்சு வை" என்பார்கள். அது அவன் காதிலும் விழாமல் இல்லை. விழுந்தால் வருத்தப்படுகிற ஆளும் அவன் இல்லை. வண்டி வாங்கப்போகிறவர்கள் கூப்பிட்டால் டீலரின் இடத்துக்கே போய், வண்டியைத் தலைமுதல் கால்வரை பார்த்து, வாங்கலாம் அல்லது வேண்டாம் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அவன் தொழில். இருபது வருடமாக அதுதான் சோறு போடுகிறது. பெயின்ட் பொய் சொல்லும், மீட்டர் பொய் சொல்லும், கப்பலில் கூடவே வருகிற காகிதம் வாய் கூசாமல் பொய் சொல்லும். நாற்றத்துக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியாது என்பது அவன் கட்சி.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவன் போய் இறங்கிய இடம் ஒரு டயர் கடைக்கும் மரக்கடைக்கும் நடுவில் இருந்தது. வாசலில் கழுவித் துடைத்த வண்டிகள் வெயிலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. டீலர் தேன் ஒழுகப் பேசுகிற மனுஷன். வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு துணி, போகிற வழியில் எந்த வண்டியைப் பார்த்தாலும் ஒரு துடை.

"வாங்க சார். நல்லாப் பாருங்க, மோந்து பாருங்க, வேணும்னா நக்கிக்கூடப் பாருங்க. நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது."

கேலிதான். ஆனால் அதில் பொய் இல்லை. கார் தரையில் ஈரம் இருந்தால் அது மழைத் தண்ணீரா, ஏசித் தண்ணீரா, கடல் ஏறிய தண்ணீரா என்று தெரிந்தாகவேண்டும். கடல் தண்ணீர் பட்ட வயர்கள் ஆறு மாதத்தில் பச்சைப் பொடியாகிவிடும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எல்லாம் இருக்கிறது. மோப்பம் விரலைத் தொட்டு நாக்கு நுனியில் வைத்துக்கொள்வான். ஒரு நொடியில் தெரிந்துவிடும். "அந்த வாயோட என் பக்கத்துல வராதீங்க" என்று அவன் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு போன நாட்களும் உண்டு.

பார்க்கவேண்டிய வண்டி பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குள் தனியாக நின்றது. வெள்ளை வேன். அதில் விசேஷம் அதன் நடுச் சீட்தான். பொத்தானை அழுத்தினால் பக்கக் கதவு திறந்துகொள்ளும், இடதுபக்கச் சீட் அப்படியே வாசல் பக்கம் திரும்பி, வெளியே நீண்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். நடக்க முடியாதவர்களை உட்காரவைத்து, மறுபடி பொத்தானை அழுத்தினால் ஆளோடு மேலே ஏறி உள்ளே போய்விடும். வயசாளிகள் அதிகமான ஏதோ ஒரு நாட்டில் செய்து, அங்கே ஓட்டி முடித்து, கப்பலேறி வந்தது. இப்படி ஒன்று கண்ணில் படுவதே இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான்.

வாங்கப்போவது அவனுடைய அக்கா.

அத்தான் குளியலறையில் விழுந்து நாலு வருடம் ஆகிறது. ஒரு பக்கம் அடியோடு போய்விட்டது. அன்றிலிருந்து படுக்கையிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு, வாடகைக் காருக்கு, ஆஸ்பத்திரி பெஞ்சுக்கு என்று அவரைக் கட்டித் தூக்குவது அக்காதான். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இனிமேலும் தூக்கினால் பக்கத்துக் கட்டிலில் நீங்களும் படுத்துவிடுவீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு வலி பெரிதில்லை. தானும் படுத்துவிட்டால் அவரைத் தூக்க யார் என்பதுதான் அவளுடைய பயம். இந்த வேனின் படத்தைப் பார்த்த அன்று தம்பிக்குப் போன் போட்டாள். "சீட்டு தானா வெளிய வந்து கீழ இறங்குதுடா" என்றாள். உடனே அழ ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு அத்தானையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் வண்டியைப் பார்த்து முடிக்கவேண்டும். இருபது வருடத்தில் முதல்முறையாக, ஒரு வண்டி நல்ல வண்டியாக இருந்துவிடக்கூடாதா என்று மோப்பம் ஆசைப்பட்டான். அந்த ஆசையே கெட்ட சகுனம்.

வெளியே எல்லாம் சுத்தம். பெயின்ட் எங்கும் ஒரே கனம், அடிபட்டு ஒட்டிய இடம் இல்லை. என்ஜின் பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அடியில் படுத்துப் பார்த்தான். புதிதாகக் கருப்பு அடித்திருந்தார்கள். அதில் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனாலும் எழுந்து தூசியைத் தட்டியபோது அவன் மனசு லேசாகத்தான் இருந்தது.

அடுத்தது மூக்கு. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, கதவுகளை மூடி, வெளிக்காற்று வராமல் ஏசியைப் போட்டு, பத்து நிமிடம் உள்ளே சும்மா உட்கார்ந்திருப்பது அவன் வழக்கம். முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினான்.

முதலில் எலுமிச்சை. டீலர் தாராளமாகவே தெளித்திருந்தான். அது இரண்டு நிமிடத்தில் அடங்கியது. அதன் அடியிலிருந்து, வாளியில் மூன்று நாள் மறந்துபோன ஈரத்துணியின் வாடை எழுந்தது. தண்ணீரில் நின்ற வண்டி. பாவம் அக்கா.

ஆனால் அது மட்டுமில்லை. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. இது துணி வாடை இல்லை, சாக்கடை வாடையும் இல்லை. பழைய பவுடர், காய்ந்த மூத்திரம், நாள்கணக்கில் தேய்க்காத வாய். ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தால் முகத்தில் அடிக்குமே, அதே நாற்றம். வாயை மூடிக்கொண்டான்.

அது ஏசியிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. அவன் பிடரிக்குப் பக்கத்திலிருந்து.

வந்தது. போனது.

வந்தது. போனது.

எண்ணிப் பார்த்தான். மூன்று எண்ணுவதற்குள் வெதுவெதுப்பாக வந்து கழுத்தில் படும். மூன்று எண்ணுவதற்குள் விலகிப்போகும். தான் மூச்சு இழுப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்று தன் மூச்சை அடக்கிப் பார்த்தான்.

நாற்றம் வந்து போவது நிற்கவில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றான். ஷெட்டின் தகரத்தில் வெயில் படபடத்துக்கொண்டிருந்தது. அடுத்த மரக்கடையில் ரம்பம் ஓடியது. பட்டப்பகலில், பக்கத்தில் நாலு பேர் வேலை செய்கிற இடத்தில் ஒரு காலி சீட்டுக்குப் பயப்படுவதா என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஏசிக் குழாயில் பூஞ்சை இருந்தால் காற்று விட்டுவிட்டு வரும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். அவனிடம் எதற்கும் ஒரு விளக்கம் இருக்கும்.

பொத்தானை அழுத்தினான். சீட் அசையவில்லை. ஃபியூஸ் பெட்டியைத் திறந்தான். அந்தச் சீட்டுக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஃபியூஸ் எங்க?"

டீலர் துணியால் துடைத்துக்கொண்டே, "ஆபீஸ்ல இருக்கு சார்" என்றான். "சும்மா நிக்கும்போதே வெளிய வந்துடுது. காலைல ஷெட்டைத் திறந்தா, கதவு திறந்து சீட்டு கீழ இறங்கி நிக்கும். பேட்டரி காலியாயிடுதேன்னு கழட்டி வச்சேன்."

"எத்தனை நாளா?"

"வந்ததிலேர்ந்து." அவன் குரல் தணிந்தது. "ஷார்ட் சர்க்யூட்தானே சார்?"

"வேற என்ன? தண்ணில நின்ன வண்டியில வயர் சும்மா இருக்குமா?"

தண்ணீர் என்றதும் டீலரின் முகத்திலிருந்த தேன் வழிந்துபோனது. ஆபீசுக்குப் போய், காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஃபியூஸைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்த கையை உடனே சட்டையில் துடைத்துக்கொண்டான். மோப்பம் ஃபியூஸைச் சொருகினான்.

பொத்தானை அழுத்த அவன் விரலை நீட்டினான். தொடவில்லை.

கதவு வழுக்கித் திறந்தது. மோட்டார் முனகியது. சீட் மெதுவாகத் திரும்பி, அவர்கள் இருவரையும் பார்த்தபடி வெளியே நீண்டு, கீழே இறங்கி நின்றது.

சாம்பல் நிறத் துணி. நடுவில் ஒரு பள்ளம். யாராவது உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும். இது வரவில்லை. இரண்டு தொடை அகலத்துக்கு அமுங்கினது அமுங்கினபடியே இருந்தது.

"போன் வருது சார்" என்று சொல்லிவிட்டு டீலர் ஷெட்டை விட்டுப் போனான். போன் அடித்ததாக மோப்பத்துக்குத் தெரியவில்லை.

கதவுப் பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியை நெம்பிக் கழற்றினான். உள்ளே தகரத்தில் தண்ணீர் நின்ற கோடு மண்ணிறத்தில் தெரிந்தது. தரையோடு நின்ற தண்ணீர் இல்லை. சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தால் மூக்கு எங்கே வருமோ, அதற்கு ஒரு சாண் மேலே அந்தக் கோடு ஓடியது. முன்சீட்டில் இருந்தவர்கள் கதவைத் திறந்துகொண்டு நீந்தியிருப்பார்கள். இந்தச் சீட்டில் இருந்தவருக்குக் கரண்ட் வரவேண்டும், மோட்டார் ஓடவேண்டும், யாராவது வந்து பெல்ட்டைக் கழற்றவேண்டும். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. யோசிப்பது அவன் வேலையும் இல்லை. வண்டி கெட்டது, அவ்வளவுதான். ஆனால் உப்புத் தண்ணீரா, நல்ல தண்ணீரா என்று காகிதத்தில் எழுதியாகவேண்டும்.

சீட் உறையின் ஜிப்பை இழுத்து உள்ளே கையை விட்டான். கப்பலில் இரண்டு மாதம், இங்கே மூன்று மாதம். பஞ்சு என்றைக்கோ காய்ந்திருக்கவேண்டும். கை சொதசொதவென்று இறங்கியது. வெதுவெதுப்பாக இருந்தது. பிழிந்தான். விரலிடுக்கில் கஞ்சித்தண்ணீர் மாதிரி ஒன்று வழிந்து, கீழே சொட்டாமல் நூலாகத் தொங்கியது.

பழக்கம் பொல்லாதது. மூளை வேண்டாம் என்று சொல்வதற்குள் விரல் நாக்குக்குப் போய்விட்டது.

உப்பு இல்லை. கரிப்பு இல்லை. மண் ருசியும் இல்லை. வழவழவென்று, இளஞ்சூடாக, கொஞ்சம் புளித்து, நாக்கில் ஒட்டிக்கொண்டது. இந்த ருசி அவனுக்குத் தெரியும். எங்கே என்றுதான் பிடிபடவில்லை. நாக்கை அண்ணத்தில் தேய்த்து யோசித்தபடியே, சீட்டுக்கு அடியில் டார்ச்சை அடித்தான்.

சீட் ஓடுகிற தண்டவாளத்தின் இடுக்கில் ரோஜா நிறத்தில் ஏதோ மாட்டியிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தான். நீளமான நரைமுடி சுற்றிக்கொண்டு, சளி மாதிரி ஒழுகிக்கொண்டு அது வந்தது.

மேல்வரிசைப் பல்செட்.

அது ஈரமாக இருந்தது. இப்போதுதான் ஒரு வாயிலிருந்து கழற்றியதுபோல, அதிலிருந்து நுரைத்து வழிந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த ருசி பிடிபட்டது.

எச்சில்.

அடுத்தவர் வாய் எச்சில். அந்தப் பஞ்சு முழுக்க அதுதான்.

பல்செட்டைக் கீழே போட்டான். ஷெட்டுக்குப் பின்னால் வண்டி கழுவுகிற குழாய் இருந்தது. அங்கே ஓடிப்போய்க் குனிந்தான். மதியம் சாப்பிட்டது எல்லாம் வந்தது. காலையில் சாப்பிட்டதும் வந்தது. கொப்பளித்தான். மறுபடி கொப்பளித்தான். துப்பத் துப்ப வாய் நிறைந்தது. தன்னுடைய எச்சில்தானா என்று விழுங்கவும் பயம், வைத்திருக்கவும் அருவருப்பு. வண்டி கழுவுகிற சோப்புத்தூளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுத் தேய்த்தான். ஈறு எரிந்தது. நாக்கைத் துணியால் வழித்தான். அந்த வழவழப்பு போகவில்லை. இந்த உலகத்தில் தன் வாயைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவனுக்கு நினைப்பு இல்லை. பத்து நிமிடமா, கால் மணியா, தெரியாது.

மரக்கடை ரம்பம் நின்றது. அந்த அமைதியில், ஷெட்டுக்குள்ளிருந்து மோட்டாரின் முனகல் கேட்டது.

கூடவே அக்காவின் சிரிப்பு.

ஃபியூஸைச் சொருகினவன் அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கவேண்டும். வாயைத் துடைக்காமல் ஓடினான்.

அக்கா அரை மணி முன்னாலேயே வந்துவிட்டாள். ஆசைக்குக் கடிகாரம் ஏது? மோப்பம் எழுதிக் கொடுப்பதற்குள் காரியத்தை முடித்துவிடலாம் என்று டீலருக்கும் தோன்றியிருக்கிறது. இரண்டுபேருமாக அத்தானை அந்தச் சீட்டில் உட்காரவைத்து, அக்காவே பெல்ட்டும் மாட்டிவிட்டாள். அவன் உள்ளே நுழைந்தபோது சீட் அத்தானோடு மேலே ஏறி, திரும்பி, வேனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா இரண்டு கைகளையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, திருவிழாப் பார்க்கிற குழந்தை மாதிரி நின்றாள்.

"பாருடா தம்பி! நான் தொடவே இல்லடா! தானா தூக்கிட்டுப் போகுதுடா!"

"இறக்கு அக்கா. இந்த வண்டி வேணாம்."

"ஏன்டா?"

"தண்ணில முங்கின வண்டி."

"முங்கினா முங்கிட்டுப் போகட்டும். சீட்டு வேலை செய்யுதா இல்லையா?" அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நீயாடா தினமும் தூக்கற?"

எச்சிலை ருசி பார்த்தேன் என்று எந்த வாயால் சொல்வது? அவளைத் தாண்டிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். சீட் அசையவில்லை. மறுபடி அழுத்தினான்.

"மாப்ள."

அத்தான் நன்றாகத் தமாஷ் பேசுகிற மனுஷன். என் பொண்டாட்டி நாளைக்குப் பத்து தடவை என்னைக் கட்டிப்பிடிக்கிறா, எவனுக்கு உண்டு இந்தக் கொடுப்பினை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். இப்போது அவர் முகத்தில் தமாஷ் இல்லை. ரகசியம்போலச் சொன்னார்.

"மாப்ள, நான் யார் மடியில உக்காந்திருக்கேன்?"

மோப்பத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பெல்ட்டைக் கழட்டுங்க அத்தான்!"

"கழலல." அவருடைய நல்ல கை, இடது கை, பெல்ட்டின் கொக்கியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. "கால் நனையுது மாப்ள."

சீட் துணி கறுத்துக்கொண்டே வந்தது. அத்தானின் தொடைக்கடியிலிருந்து ஈரம் ஊறி, வேட்டியில் ஏறி, இடுப்புக்கு வந்தது. வார்டு நாற்றம் வேனுக்குள்ளிருந்து குப்பென்று அடித்தது. அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னங்க, போயிட்டீங்களா?" என்றாள்.

"நான் இல்லடி."

பிறகு அத்தான் முகவாயைத் தூக்கினார். கழுத்தை எட்டும்மட்டும் நீட்டி, உதட்டை மட்டும் மேலே குவித்துக்கொண்டார். ஷெட்டின் தரையில் புழுதி காய்ந்து கிடந்தது. வேனுக்குள் ஒரு குவளைத் தண்ணீர் இல்லை.

"ஏறுது" என்றார். "கழுத்துக்கு வந்துடுச்சு."

அவர் கடைவாயில் எச்சில் கொழகொழவென்று வழிந்தது. இருமினார். இருமலில் இன்னும் வந்தது. மூக்கிலும் வந்தது. கண்கள் மேலே சொருகின.

அவர் தலைக்குப் பின்னால் சீட் துணியில் இன்னொரு தலை அழுந்திய பள்ளம் விழுந்தது. அதுவும் முகவாயைத் தூக்கிக்கொண்டிருந்தது.

மோப்பம் பையிலிருந்து கார்ப்பெட் அறுக்கும் கத்தியை எடுத்தான். வேனுக்குள் பாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அத்தானின் இடுப்பருகில் கையை விட்டான். பெல்ட் சோற்றுக்கஞ்சியில் ஊறின மாதிரி வழுக்கியது. புறங்கையில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது. பட்டது, விலகியது. அவன் அழுதுகொண்டே அறுத்தான். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இரண்டாவது வார் அறுந்ததும் அத்தான் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார்.

மோட்டார் முனகியது. யாரும் பொத்தானைத் தொடவில்லை. சீட் பதமாகத் திரும்பி, வெளியே நீண்டு, கீழே இறங்கி நின்றது.

அக்கா ஓடிப்போய் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். டீலர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான்.

"கழட்டி வச்சிருந்த வரைக்கும் சும்மாதான் சார் இருந்துச்சு" என்று முணுமுணுத்தான். "நீங்கதான் போட்டீங்க."

மோப்பம் ஃபியூஸைப் பிடுங்கி ஷெட்டுக்கு வெளியே வீசினான். பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதினான். தண்ணீரில் முழுக்க மூழ்கிய வண்டி. வாங்கவேண்டாம். அடியில் கையெழுத்துப் போட்டதும், இருபது வருடமாக வருகிற அதே நிம்மதி இன்றைக்கும் வந்தது. வண்டி கெட்டது, வண்டியைத் தள்ளியாயிற்று, தீர்ந்தது. காகிதத்தை டீலர் கையில் திணித்தான்.

அக்கா சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தைவிட ஏமாற்றம்தான் அவள் முகத்தில் அதிகம்.

"அப்ப இது கிடையாதா?"

"கிடையாதுக்கா."

"இனிமே எப்படா கிடைக்கும்?"

"தேடித் தரேன். எப்படியும் தேடித் தரேன். இப்ப கிளம்பு."

வாடகைக் கார் ஷெட் வாசலிலேயே நின்றது. பத்து அடிதான். அத்தானை அந்தச் சீட்டிலிருந்து எடுத்து அதில் வைக்கவேண்டும். மோப்பம் முன்னால் வந்தான். அவள் கையால் தள்ளினாள்.

"நீ தள்ளு. நீ தூக்கினா அவருக்கு எங்கயாவது சுளுக்கிக்கும். எனக்குத்தான் அவரு பக்குவம் தெரியும்."

நாலு வருடமாகச் செய்வதைத்தான் செய்தாள். கால்களை அகட்டி நின்றாள். குனிந்து, அவர் கக்கத்துக்கு அடியில் கைகளைக் கொடுத்து முதுகில் கோத்துக்கொண்டாள். அத்தான் வழக்கம்போல இடது கையை அவள் கழுத்தில் போட்டார். செத்துப்போன வலது கை தொடையோரம் தொங்கியது. "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி, மூன்றில் தூக்கினாள்.

வரவில்லை.

"என்ன இது, இந்தக் கனம் கனக்கறீங்க?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தூக்கினாள். முதுகு வில்லாக வளைந்தது. ஒரு அங்குலம், இரண்டு அங்குலம் என்று அத்தான் மேலே வந்தார். சீட்டின் பஞ்சு நூல்நூலாக அவர் பின்பக்கத்தோடு வந்து அறுந்தது.

அப்புறம், பஞ்சிலிருந்த பள்ளம் மெல்ல நிரம்பி மட்டமானது.

மோப்பம் அதைப் பார்த்தான். சீட் காலியாகிவிட்டது என்பது அவனுக்குப் புரிந்தது. பெல்ட்டை அறுத்தது தன் கை என்பதும் புரிந்தது.

"அக்கா, கீழ வை."

அவள் காதில் விழவில்லை. அத்தானைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. வலி எல்லாம் வடிந்து, நாலு வருடமாக அந்த முகத்தில் இல்லாத ஒன்று வந்தது. உதடு துடித்தது.

"தம்பி" என்றாள். சத்தமாகச் சொன்னால் போய்விடும் என்பதுபோல. "அவருக்குக் கை வந்துடுச்சுடா."

"என்னது?"

"கைடா. வலது கை. ரெண்டு கையாலயும் என்னைப் புடிச்சிருக்காருடா."

மோப்பம் பார்த்தான். அத்தானின் இடது கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. வலது கை, விரல்கள் மடங்கி, அவர் தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தோளுக்கு மேல் அத்தானின் முகம் தெரிந்தது. அவர் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. கண்கள் மட்டும் மோப்பத்தைப் பார்த்துக் கெஞ்சின.

அக்காவின் முதுகில், ரவிக்கைத் துணி ஐந்து இடத்தில் உள்ளே அமுங்கியது. அமுங்கின இடத்திலெல்லாம் ஈரம் பரவியது.

"விடாதீங்க" என்று அக்கா அழுதுகொண்டே சொன்னாள். "அப்படியே புடிச்சுக்குங்க."

இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.